ஒரு குழியும் கந்தையாவின் இடது கையும்

1

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிக்க வேண்டும். நான்காம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் தெரிகின்றன. யாரை எங்கே கூப்பிடுவது என்று புரிவதில்லை. மகள் கமலாவிடம் பிழை பார்க்கச் சொன்னேன். அவள் இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தாளை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, தமிழ் ஸ்பெல்லிங் எனக்கே டௌட் லா. இங்கிலீஷ்ல எழுதுங்க, நான் கரெக்ட் பண்றேன்" என்றாள். எனக்கு இங்கிலீஷில் எண்கள் மட்டும்தான் தடுமாறாமல் வரும். அதுவும் வாயால். ஆகவே பாரமெல்லாம் அச்சுக்கோர்ப்பவர் தலையில்.

நம் ஊர்ச் சங்கத்து மலருக்குச் சிங்கப்பூர் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று வருடா வருடம் கேட்பார்கள். நான் வருடா வருடம் கூச்சப்பட்டு ஒதுங்குவேன். இந்த முறை எழுத ஒரு காரணம் வந்துவிட்டது.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு கிளப்பில் நான் மார்க்கர். பில்லியர்ட்ஸ் மேசையைத் துடைத்து வைப்பது, ஆடுகிறவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுப்பது, யாருக்கு எத்தனை என்று சத்தமாகச் சொல்லிப் பலகையில் குறிப்பது, இதுதான் வேலை. போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் மெம்பராகச் சேர்ந்தார். ஒரு மாலை நல்ல மழை. அவரோடு ஆட ஆள் வரவில்லை, அதனால் நான் ஆடினேன். நடுவில் அவர் கேட்டார்.

"அண்ணை, ஜப்பான்காரன்ர காலத்திலயும் நீங்கள்தானோ இங்க மார்க்கர்?"

"ஆமாங்க."

"அப்ப கந்தையா மாமாவைத் தெரிஞ்சிருக்குமே? எங்கட ஊர்தான்."

நான் கியூவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். கந்தையா ஐயா உயிரோடு நன்றாக இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ஊரில கிளப் ஒண்டில மேசை இருக்கு. பின்னேரம் வந்து குந்தியிருந்து பாப்பார். ஆனா கியூவைத் தொடமாட்டார். ஆடச் சொல்லிக் கேட்டா, 'நான் எங்க தம்பி ஆட்டக்காரன்? சிங்கப்பூரில மார்க்கர் ஒருத்தர் பந்தை நகத்தி நகத்தி வச்சு என்னை ஆட்டக்காரன் ஆக்கினவர்' எண்டு சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்பம்."

அந்த மார்க்கர் நான்தான். பந்தை நான் ஒருநாளும் நகர்த்தி வைத்ததில்லை. ஆனால் கந்தையா ஐயா இதைக் கட்டிச் சொல்லவில்லை. நகர்த்தி வைத்தேன் என்று அவரிடம் சொன்னவனும் நானேதான். ஏன் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ஆனால் அவர் நாலு பேர் முன்னால் தன்னைக் குறைத்துச் சொல்லுகிறார். மாற்றிச் சொல்லுவதும் நாலு பேர் முன்னால்தான் இருக்க வேண்டும். மலரில் ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பி வைப்பதாக அந்த இளைஞர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

2

பில்லியர்ட்ஸ் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் அறையளவு மேசை. அதன்மேல் இழுத்துக் கட்டிய பச்சைக் கம்பளித் துணி. நாலு மூலையிலும் நீளப் பக்கங்களின் நடுவிலுமாக ஆறு குழிகள். மூன்று பந்துகள். ஆளுக்கொரு வெள்ளை, பொதுவாக ஒரு சிவப்பு. கியூ என்ற நீளக் கம்பால் தன் வெள்ளையை அடித்து, அது சிவப்பைத் தள்ளி, சிவப்பு குழியில் விழுந்தால் கணக்கு ஏறும். விழுந்த சிவப்பை மார்க்கர் எடுத்து, மேசையின் தலைப்பக்கம் துணியில் இட்டிருக்கும் புள்ளியில் மறுபடி வைப்பான். தவறும் வரை ஒருவனே ஆடலாம்.

அறந்தாங்கிப் பக்கத்துப் பையனுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கோயில் வாசலில் ஒரு குழி தோண்டிக் கோலி ஆடியவர்கள்தானே நாமெல்லாம். தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். என் முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கி, கிளப்பில் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்து, முதல் முறை அந்த மேசையைப் பார்த்தபோது, வெள்ளைக்காரன் கோலியைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்துவிட்டானே என்றுதான் நினைத்தேன்.

மார்க்கர் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மெம்பரோடு ஆடினால் மார்க்கர் ஜெயிக்கக் கூடாது. விட்டுக்கொடுத்தது மெம்பருக்குத் தெரியவும் கூடாது. கைதேர்ந்தவரோடு வலது கையால் ஆடி, கடைசியில் ஒரு பந்தைத் தவற விடுவேன். சுமாராக ஆடுகிறவரோடு இடது கையால் ஆடுவேன். இடது கையால் ஆடினால் முழு மனதோடு ஆடியே தோற்கலாம், பொய் வேண்டாம். பழைய மார்க்கர்கள் எல்லாருமே இப்படித்தான். என் இடது கை தோற்பதற்கென்றே பழக்கிய கை.

3

ஜப்பான்காரன் வந்தபோது கிளப் மூடியது. மெம்பர்கள் சிதறிப்போனார்கள். சில வாரம் கழித்து அதிகாரிகள் வந்து திறந்து, தாங்கள் பொழுதுபோக்கும் இடமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மேசையில் ஒன்றுக்குத் துணியே இல்லை. இடையில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். துணி கிடைக்காத காலம். கொஞ்ச நாளில் டேகா பாசார் பக்கம் கோழிக்காரர் ஒருவர் நல்ல கெட்டியான பச்சைக் கால்சட்டையில் திரிந்தார். வெயிலில் அவருக்கு எப்படி அரித்ததோ. நான் கேட்கவில்லை.

(பாசார் என்றால் சந்தை. ஒருமுறை தங்கைக்கு எழுதிய கடிதத்தில் "தினமும் பாசாரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்று எழுதிவிட்டேன். அந்த அம்மாள் யார் என்று கேட்டுப் பதில் வந்தது. மலாய்ச் சொல் எது, தமிழ்ச் சொல் எது என்று இத்தனை வருடத்தில் எனக்கே மறந்து போகிறது.)

ஜப்பான்காரர்கள் ஆடும் ஆட்டத்துக்குக் குழி கிடையாது. நாலு பந்தை வைத்து, தன் பந்து மற்ற பந்துகளில் போய்த் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரு சீனத் தச்சரை அழைத்து வந்து குழிகளை மரக்கட்டையால் அடைக்கச் சொன்னார்கள். ஐந்து குழி அடைபட்டது. ஆறாவது, தலைப்பக்கத்து மூலை. அங்கே குண்டுச் சில்லு பட்டு விளிம்பு விரிந்திருந்தது. கட்டையை அறைந்தால் மேசையே பிளந்துவிடும் என்று தச்சர் கையை விரித்துவிட்டார். அந்த ஒரு குழி அப்படியே நின்றது. பந்து தவறி அதில் விழுந்தால் அதிகாரிகள் கைதட்டிச் சிரிப்பார்கள். அறுந்துபோன வலைக்குப் பதிலாக நான் சாக்கில் ஒரு பை தைத்து அதன்கீழ் கட்டியிருந்தேன்.

என்னை வேலையில் வைத்துக்கொண்டார்கள். முத்திரை குத்திய ஒரு துணித் துண்டைச் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்தார்கள். ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அது இருந்தவனை லாரியில் ஏற்றவில்லை. இல்லாதவனை, முக்கியமாக நம் ஆட்களை, தெருவிலிருந்தும் கடையிலிருந்தும் பிடித்துச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். எங்கள் வரிசை வீடுகளிலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

4

கந்தையா ஐயா சண்டைக்கு முன் எங்கள் மெம்பர். ஓர் ஆபீசில் கிளார்க். மனைவி மக்களை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். ஆபீஸ் மூடியதும் வேலை போயிற்று. வேலை இல்லையென்றால் துணித் துண்டும் இல்லை. கம்போங் ஜாவா பக்கம் ஒரு அறை, பின்னால் கொஞ்சம் மரவள்ளி. அதுதான் வாழ்க்கை. ஊரிலிருந்து கடிதம் வருவதும் நின்றுபோயிருந்தது.

ஒருநாள் காலை பின்சந்தில் நின்று, சமையல்கட்டுச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மார்க்கர், மேசை இருக்கோ இன்னும்?"

"இருக்குங்க ஐயா. ஆனா குழி ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்டு காணும், அது போதும். கதவைத் திறவும்."

அதிகாரிகள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். அப்போது எல்லாக் கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். அதனால் காலை என்று கடிகாரம் சொல்லும்போது வெளியே இன்னும் விடிந்திருக்காது. அந்த அரை இருட்டில் சந்து வழியாக அவர் வருவார். வெயில் ஏறுமுன் போய்விடுவார். உள்ளே விடுவது ஆபத்து என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சன்னலில் அந்த முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் இல்லை என்று சொல்ல வாய் வந்திருக்காது.

முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்.

"இஞ்ச பாரும். நான் இப்ப மெம்பரும் இல்லை, நீர் மார்க்கரும் இல்லை. எனக்கு விட்டுக்குடுத்து ஆடக்கூடாது. விட்டுக்குடுத்தீர் எண்டால் எனக்குத் தெரியவரும்."

"எப்படிங்க தெரியும்?"

"நீர் விட்டுக்குடுக்கேக்க உம்மட காது சிவக்கும்."

இத்தனை வருடம் எனக்கே தெரியாத சங்கதி.

ஒரே குழியில் இரண்டு பேர் எதிர்த்து ஆட முடியாது. அதனால் ஆட்டத்தை நாங்களே மாற்றிக்கொண்டோம். சிவப்பு புள்ளியில் இருக்கும். ஒருவர் அடிப்பார். சிவப்பு மூலைக் குழியில் விழும். மற்றவர் பையிலிருந்து எடுத்துப் புள்ளியில் வைப்பார். மறுபடி அதே அடி. தவறும் வரை எத்தனை என்பதுதான் பந்தயம். கிளப் சட்டத்தில் இப்படித் தொடர்ந்து அடிக்க விடமாட்டார்கள். எங்களுக்குச் சட்டம் சொல்ல யாரும் இல்லை.

கேட்க லேசாக இருக்கும். சிவப்பைக் குழியில் போடுவது இதில் சின்ன வேலை. போட்ட பிறகு வெள்ளை எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் வேலை முழுவதும். அது முன்பு நின்ற இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ஒரு சாண் விலகினால் அடுத்த அடி கஷ்டம், இரண்டு சாண் விலகினால் முடிந்தது. பலமாக அடித்தால் ஓடிவிடும், பயந்து அடித்தால் போகாது. ஐந்து ஆறு வரை யாரும் போகலாம். பதினைந்துக்கு மேல் கை அறியாமல் இறுகும். இருபதுக்கு மேல் எண்ணிக்கை காதில் விழக் கூடாது, ஆனால் எண்ணாமலும் இருக்க முடியாது. எனக்கு அதிகபட்சம் முப்பத்தெட்டு வந்தது.

கந்தையா ஐயா இடது கைக்காரர். பிறவியிலேயே அப்படி. அடிக்குமுன் நாக்கு நுனியைக் கடிப்பார். கியூவை இரண்டு முறை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து, மூன்றாவது இழுப்பில் ஒரு நொடி அப்படியே நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் அறை முழுவதும் நின்றுபோகும். வியர்த்த கையில் கியூ ஒட்டும், சீராக ஓடாது. முன்பெல்லாம் அதற்குப் பவுடர் இருக்கும். இப்போது மரவள்ளி மாவை ஒரு பொட்டலம் கொண்டு வருவார்.

"தின்னுறதைக் கையில பூசுறம்" என்பார். "மனிசிக்குத் தெரிஞ்சா விளக்குமாறு எடுப்பா."

"அவங்க யாழ்ப்பாணத்துல இருக்காங்க ஐயா."

"அங்க இருந்தே எறிவா. அவவுக்குக் குறி தப்பாது."

பசிக்காலம் அது. அதை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் என் மனைவியே விளக்குமாறு எடுப்பாள். ஆனால் உள்ளதைச் சொல்லுகிறேன். ஊர் நினைப்பு என்று எல்லாரும் சொல்லும்போது எனக்கு முதலில் வருவது அறந்தாங்கி இல்லை. விடியாத அந்த அறை, பாதி மூடிய சன்னல், சாக்குப் பையில் பந்து விழும் மெத்தென்ற ஓசை. "வைய்யும், வைய்யும்" என்று அவசரப்படுத்தும் குரல்.

5

ஒரு காலை அவர் நாற்பத்து மூன்று அடித்தார்.

முப்பதைத் தாண்டியபோது நான் எண்ணுவதை வாய்க்குள் வைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டைத் தாண்டியபோது அவர் என்னையும் தாண்டிவிட்டார். சிவப்பைப் புள்ளியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பேன், சரியாக இருக்கிறதா என்று. இருக்கும். நாற்பத்து நான்காவது அடியில் சிவப்பு குழியின் உதட்டில் முட்டி நின்றுவிட்டது. அவர் கியூவைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"காது சிவக்கேல்லை" என்றார்.

"நான் எங்கங்க ஆடினேன்? பந்துதான் வச்சேன்."

"எத்தினை?"

நான் நிமிர்ந்து நின்று, கிளப் நிறைய ஆள் இருப்பதுபோல் சத்தமாகச் சொன்னேன். "ஃபார்ட்டி த்ரீ!" பயந்துபோய் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம். பிறகு அவர் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதைச் சொல்ல ஒரு சனம் இல்லையே எனக்கு" என்றார். "கடுதாசியும் போகாது. மார்க்கர், சண்டை முடிஞ்ச உடன முதல் கடுதாசியில இதைத்தான் எழுதுவன்."

6

இடையில் ஒன்று. சண்டை முடிந்து வெள்ளைக்காரர் திரும்பி வந்து, எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். வரிசையில் நின்று என் முறை வந்ததும், மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா என்ன தொழில் என்று கேட்டார். மார்க்கர் என்றேன். எதை மார்க் பண்ணுகிறாய் என்றார். எத்தனை அடித்தார்கள் என்று சொல்லுவேன் என்றேன். யாரை அடித்தார்கள் என்றார். பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. எனக்கு அதற்குமேல் பேச வரவில்லை. அவர் பியூன் என்று எழுதிக் கொடுத்தார். சர்க்கார் கணக்கில் நான் பியூன்தான். திருத்தப் போகவேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

என் குணம் இது. கூட்டத்தில் வாய் வராது. எண்ணிக்கை சொல்லும்போது மட்டும் குரல் வரும். இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், அடுத்து நடந்ததில் நான் நிறையப் பேச வேண்டியிருந்தது.

7

ஒரே அடியை ஒரே இடத்திலிருந்து மாதக்கணக்கில் அடித்தால் துணி என்னாகும்? இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நானாவது யோசித்திருக்க வேண்டும். தினமும் பிரஷ் போட்டு, கரிப்பெட்டியால் இஸ்திரி போடுகிறவன் நான். ஆனால் தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியுமா? புள்ளியிலிருந்து மூலைக் குழி வரை துணியின் ரோமம் தேய்ந்து, பார்வைக்குத் தெரியாத ஒரு தடம் விழுந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் தலைமை அதிகாரி. ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர், நல்ல ஆட்டக்காரர். அன்று மற்றவர்கள் வருமுன்பே வந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தார். மெதுவாக உருட்டிய பந்து மேசையின் தலைப்பக்கம் வந்ததும் தானாகத் திரும்பிக் குழியைப் பார்த்து ஓடியது. இன்னொரு முறை உருட்டினார். மறுபடி அதே திருப்பம். முழங்காலிட்டு, கண்ணைத் துணிமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

புத்தகம் பார்த்துப் படித்த மலாயில் அவர் பேசுவார். தெருவில் பழகிய மலாயில், ஐயா என்பதற்குத் துவான் என்று போட்டு, நான் பதில் சொல்லுவேன்.

"இது யார் செய்தது?"

"நான்தான் துவான். காலையில் பழகுவேன்."

அறைவார் என்று நினைத்தேன். அவர் அறையவில்லை. துணியில் வேறொன்றைக் காட்டினார். கியூவைத் தாங்க முன்கையைத் துணியில் ஊன்றுவோம் அல்லவா, அந்த இடம். மரவள்ளி மாவும் வியர்வையும் சேர்ந்து கஞ்சிபோல் ஊறி, என் பிரஷுக்கும் வராமல் லேசாக இறுகியிருந்தது. சாய்வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு கை தெரிந்தது. இடது கை. அதை ஒட்டியே, கட்டைவிரல் எதிர்ப்பக்கம் பார்த்து, இன்னொரு கை. வலது கை.

"வலது கையால் அடிக்கிறவன் இடது கையை ஊன்றுவான்" என்றார். "அது நீ. இது யார்?"

கந்தையா ஐயாவின் சட்டையில் துணித் துண்டு இல்லை. சயாம் லாரிகள் அந்த வாரமும் ஓடிக்கொண்டிருந்தன.

"அதுவும் நான்தான் துவான். இடது கையாலும் ஆடுவேன்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆடு."

தோற்கப் பழக்கிய கையை வைத்துக்கொண்டு நான் மேசைக்கு முன்னால் நின்றேன். மெம்பர்களிடம் தோற்ற அந்த ஆட்டத்தை ஆடினால் மூன்றாவது அடியில் முடிந்துவிடும். அப்படி ஆடுகிறவன் துணியில் தடம் போட்டிருக்க முடியாது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என்னைப்போல் ஆடாதே, அவரைப்போல் ஆடு. எத்தனை காலை அவர் ஆட நான் பந்து வைத்திருக்கிறேன். நாக்கு நுனியைக் கடித்தேன். இரண்டு முறை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் நிறுத்தினேன்.

"இச்சி" என்றார் அதிகாரி. ஒன்று.

பந்தை நானே எடுத்து, நானே வைத்து, நானே அடித்தேன். நி. சான். அவர் எண்ண எண்ண, கை என்னுடையதாக இல்லை. வெள்ளை சொன்ன சொல் கேட்டு வந்து நின்றது. ஒன்பதில் கொஞ்சம் விலகியது, சமாளித்தேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது அடியில் சிவப்பு குழியின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது.

அவர் எழுந்து வந்தார். என் வலது கை மணிக்கட்டைப் பிடித்து, துணியில் இருந்த அந்தத் தடத்தின்மேல் கொண்டுபோய் வைத்தார்.

என் கை சின்னக் கை. குட்டையான விரல்கள். கந்தையா ஐயாவின் விரல்கள் நீளம். என் விரல் நுனிகளுக்கு அப்பால் அந்தக் கை இன்னும் ஒரு கணு நீண்டு தெரிந்தது.

அவரும் அதைப் பார்த்தார். பிறகு அவர் கையை விட்டார்.

"நாளை முதல் காலையிலும் இங்கே காவல் நிற்கும்" என்றார். "அந்தக் குழியைச் சாக்குத் திணித்து மூடிவிடு. இந்தக் கைக்காரன் நாளை வந்தால் நான் விசாரிக்க வேண்டும். வராவிட்டால் அப்படி ஒருவன் இல்லை."

அவர் நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்காதீர்கள். அதே கண்ணாடியோடு வேறு இடத்தில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நடந்ததைச் சொல்லுகிறேன்.

8

மறுநாள் இருட்டோடு நான் சந்து முனையில் போய் நின்றேன். உள்ளதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கந்தையா ஐயாவை உங்களுக்குத் தெரியாது. சில மாதம் முன்பு பாலத்தருகே ஒரு ரிக்‌ஷாக்காரர் சிப்பாய்க்குக் குனிந்து வணங்க மறந்துவிட்டார். சிப்பாய் அவரை அடிக்க ஆரம்பித்தான். இவர் நடுவில் போய், "நான்தான் மறைச்சுக்கொண்டு நிண்டனான், அவர் காணேல்லை" என்று தன்னைக் காட்டி, அந்த அடியை வாங்கிக்கொண்டு வந்தார். ரிக்‌ஷாக்காரர் யாரென்றே அவருக்குத் தெரியாது. தனக்காக நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் நேராக உள்ளே போய் வலது கையை நீட்டி, இது என்னுடையது என்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே அவர் தானாகவே இனி இந்தப் பக்கம் வராதபடி செய்ய வேண்டும்.

வந்தார். கையில் மாவுப் பொட்டலம்.

"என்ன மார்க்கர், வாசலுக்கே வந்திட்டீர்? மாப்பிள்ளை அழைப்போ?"

"ஐயா, இனிமே வராதீங்க."

"ஏன்? ஆரும் கண்டவையோ?"

"யாரும் பாக்கல. எனக்குப் பிடிக்கல."

"பகிடி விடாதையும். தள்ளும்."

"பகிடி இல்லைங்க. உங்களோட ஆடி ஆடி என் ஆட்டம் கெட்டுப்போச்சு."

அவர் அதற்கும் சிரித்தார். "நாப்பத்து மூண்டு அடிச்சவனிட்டச் சொல்லுறீர்."

அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது.

"அதை நீங்க அடிக்கல" என்றேன். "நான் சிவப்பைப் புள்ளியில வைக்கல. குழிப் பக்கம் நகத்தி நகத்தி வச்சேன். மெம்பருக்கு மார்க்கர் செய்யற வேலைதான். பாவமேன்னு செஞ்சேன். இனி என்னால முடியாது."

இருட்டில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. என் காதைப் பார்க்கிறார் என்று மட்டும் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் என்ன நிறம் தெரியும்? சிவந்துதான் இருந்திருக்கும். அது விட்டுக்கொடுத்ததற்கான சிவப்பு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

"எல்லாமுமோ?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல."

"அப்ப சரி" என்றார். பிறகு, "நீர் என்னை மெம்பர் எண்டு நினைச்சுத்தான் இருந்தீர், என்ன? நான்தான் இல்லை எண்டு நினைச்சிட்டன்."

மாவுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "பிள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடும்." திரும்பி நடந்தார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு மெதுவாக நடந்ததே இல்லை. அவர் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் காவல் சிப்பாய் வந்தான். நான் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்க் குழியை அடைத்தேன்.

9

சண்டை முடிந்த வாரமே கம்போங் ஜாவாவுக்கு ஓடினேன். அந்த அறையில் வேறு ஆள் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் எப்போதோ காலி செய்துவிட்டார் என்றார். பிறகு கப்பல் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் கப்பல் ஏறுமுன், சிராங்கூன் ரோட்டில் வெற்றி ஊர்வலத்தன்று கூட்டத்துக்கு அப்பால் அவர் தலையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கூப்பிட வாய் எழவில்லை.

அன்று சந்தில் சொன்ன பொய்யை மறுபடி சொல்ல வேண்டி வந்தால் மறுபடியும் சொல்லுவேன். ஆள் இருக்கிறார், பேரப்பிள்ளை பார்த்துவிட்டாராம். அது போதும். ஆனால் மார்க்கர் ஒரு ஆட்டத்தின் எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும். கூட்டத்தில் வாய் வராதவன் எழுத்தில் நின்று சொல்லுகிறேன், படிக்கிற எல்லாருக்கும் கேட்கட்டும்.

கந்தையா. இடது கை. தொடர்ந்து நாற்பத்து மூன்று. ஒவ்வொரு முறையும் சிவப்பு புள்ளியில் இருந்தது. வைத்தவன் நான்.

சிங்கப்பூர்,
1951, ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.